சிறுதேரும் சறுக்குப்பலகையும்

ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப்பலகை, 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்களிடையே பரவிய விளையாட்டு. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது. இந்தியச் சிறுமியரைத் தலைமை மாந்தராகக் கொண்டு இவ்விளையாட்டைக் காட்டும் இரு திரைப்படங்களைத் தமிழிலக்கிய மரபின் துணையுடன் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

சக்கரமுடைய விளையாட்டுப்பொருள் தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் முச்சக்கரச் சிறுதேர் இடம்பெறுகிறது. அவரே இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, ஏறிச் செல்ல இயலாத தேரை உருட்டிக் களைத்த புதல்வர், செவிலியரிடம் பாலுண்டு உறங்குவதைக் காட்டுகிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழ் இவ்விளையாட்டைப் பால்வழிப் பகுத்தது. பத்துப் பருவங்களுள் முதல் ஏழும் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றனுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் முதலியவை பெண்பாற்கும் உரியவாயின. இப்பகுப்பு ஒன்றையே சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. நீராடற் பருவம் பெண்ணைப் புனலுக்கு அழைத்துச் செல்கிறது. எனினும் சக்கரம் ஆண்பிள்ளையின் கைக்கே உரியதாக எண்ணப்பட்டது என்பது தெளிவு.

சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' (2019) என்னும் ஆவணக் குறும்படம், மாமல்லபுரம் கடற்கரையில் வாழும் சிறுமியொருத்தியைப் பற்றியது. மகள் முதற் போட்டிக்குச் செல்கிறாள். தாய் திருவண்ணாமலைக்குப் புனிதப்பயணம் மேற்கொள்கிறார். முதன்முறையாக நேரும் இப்பிரிவே படத்தின் உயிர்நிலை. தாய் தடையாக நில்லாமல், மகளின் ஓட்டத்தில் தம் விடுதலையையும் காண்கிறார். எனவே பலகை இங்கு இருதலைமுறைப் பெண்களின் வாழ்வோடு பிணைகிறது.

மஞ்சரி மாகிஜானி இயக்கிய 'ஸ்கேட்டர் கேர்ள்' (2021) ராஜஸ்தான் சிற்றூரைக் களமாகக் கொண்டது. சாதித் தடையையும் இளவயதுத் திருமணத்தையும் அப்படம் தொடுகிறது. ஆயினும் இலண்டனிலிருந்து வரும் பெண்ணே மாற்றத்திற்கு வித்திடுகிறாள். சிறுமியின் விருப்பம் பிறர் கொடையாகச் சுருங்கிவிடுகிறது. இக்குறை கதையமைப்பைச் சார்ந்தது. படத்திற்கெனக் கேம்பூரில் அமைக்கப்பட்ட சறுக்குத்தளம் அவ்வூர்ச் சிறார்க்கே விடப்பட்டது என்பதையும் கூறுதல் நேர்மையாகும்.

2020இல் பிரித்தானிய பாஃப்டா விருதுக்குக் 'கமலி' பரிந்துரைக்கப்பட்டது. அதே பிரிவில் விருதை வென்ற படமும் காபூல் சிறுமியர் சறுக்குப்பலகை பயில்வதைப் பற்றியதே. ஒரே ஆண்டில் நேர்ந்த இவ்வொற்றுமை சிந்திக்கத்தக்கது. வறிய நாட்டுச் சிறுமியும் பலகையும் இணைந்த காட்சி, மேலைநாட்டு ஊடகங்களுக்கு எளிதில் உவப்பளிக்கும் ஒரு வாய்பாடாகி வருகிறதோ என்னும் ஐயம் எழுகிறது. வாய்பாடு வலுப்பெறின், அச்சிறுமியின் ஊர், மொழி, உறவு ஆகியவை வெறும் பின்புலமாகிவிடும். தாயின் பயணத்திற்கு இடமளித்தமையால் 'கமலி' அவ்விடரினின்றும் பெரிதும் தப்புகிறது.

சங்கப்பாடல் சிறுவனின் தேரை மட்டும் காட்டவில்லை. அவன் களைப்பையும் அணைக்கும் கரங்களையும் உடன் காட்டிற்று. சறுக்குப்பலகையைப் பாடுபொருளாக்கும் கலைஞர்க்கும் அதுவே அளவுகோல் ஆகலாம். பலகையேறிய சிறுமி வியப்புக்குரியவள் என்பதோடு நிறைவுறாமல், ஒளிப்படக்கருவி அகன்றபின் அவளுக்கு எந்தத் தெரு எஞ்சுகிறது என்று வினவும் படைப்பே சமூகப் பயன் உடையதாகும்.