தந்தையின் வாய்க்குள் ஒரு மாதம்

குருவின் அருள் மாணாக்கனைச் சென்றடையும் வழிகளைச் சைவ மரபு மூன்று உயிர்களின் உவமையால் விளக்குகிறது. பறவை தன் முட்டையைத் தொட்டு அடைகாப்பது பரிச தீட்சைக்கும், ஆமை கரை மணலில் புதைத்த முட்டையைக் கடலில் இருந்தபடி நினைத்தே பொரிப்பது மானச தீட்சைக்கும், மீன் தன் முட்டையை விழியெடுக்காமல் பார்த்தே பொரிப்பது நயன தீட்சைக்கும் உவமையாக நிற்கின்றன. மதுரை அம்மைக்கு மீனாட்சி என்ற பெயர் அமைந்ததற்கும் இவ்வுவமையையே பொருளாகச் சொல்வதுண்டு. மீனைப் பற்றிய இக்கருத்து கற்பனை மட்டுமன்று. குளத்தின் மேற்பரப்பில் மிதக்கும் முட்டைகளுக்கும், பின்னர் செந்திரளாகச் சுற்றும் குஞ்சுகளுக்கும் அடியில் விரால் இணை காவல் நிற்பதைக் கண்ட எவருக்கும் அவ்வுவமை எங்கிருந்து பிறந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். ஆனால் பார்க்கக்கூட இயலாத ஓர் இடத்தில் முட்டையை வைத்துக் காக்கும் மீன்களும் உண்டு. அவை முட்டைகளைத் தம் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கின்றன.

பழனியை அடுத்து, கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஆயக்குடியில் இவ்வியல்பைக் காட்டுவதற்கு தொலைவில் எந்த மீனையும் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் குளங்கள் பலவற்றிலும் இன்று பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீன் இவ்வினத்தது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இம்மீனில், ஆண் குளத்தடியில் பள்ளம் பறிக்க, பெண் அதில் இட்ட முட்டைகளைத் தானே வாயில் அள்ளிக்கொள்கிறது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் அச்சம் நேரும்போதெல்லாம் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிகின்றன. தூண்டிலில் சிக்கிய ஜிலேபியின் வாயிலிருந்து குஞ்சுகள் உதிர்வதைக் குளக்கரைச் சிறுவர்கள் வியப்போடு பார்ப்பதுண்டு. கடலில் இப்பொறுப்பு பெரும்பாலும் தந்தையினுடையது. கெளுத்தி இனத்துக் கடல் மீன்களில் கோலிக்குண்டு அளவுள்ள முட்டைகளை ஆண் மீன் வாயில் சுமக்கிறது. பவளப் பாறைகளை ஒட்டி வாழும் கார்டினல் மீன்கள் அடங்கிய அப்போகோனிடே குடும்பத்தின் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் வாயடைகாப்பு ஆணுக்கே உரியது.

அக்குடும்பத்தில் வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் கலைக்கு இலக்கணம் போல அமைந்தது பங்காய் கார்டினல். எட்டு செ.மீ. அளவே வளரும் வெள்ளி உடல், அதைக் குறுக்கே வெட்டும் மூன்று கரும்பட்டைகள், நீண்டு பிளந்த வால், கருந்துடுப்புகளில் தூவிய வெண்புள்ளிகள் ஆகியவற்றோடு, ஓரிடத்தில் அசையாமல் மிதக்கும் அதன் நிதானமும் சேர்ந்தே அதற்கு அழகைத் தருகின்றன. நீரில் ஓடித்திரியும் மீன்களுக்கு நடுவே இது நிற்கும் மீன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுக்கூட்டத்தில் 1920ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வால்டர் காடெர்ன் இதைச் சேகரித்தார்; 1933இல் டச்சு மீனியலாளர் கௌமன்ஸ் இதை முறையாக விவரித்து, சேகரித்தவரின் பெயரையே இனப்பெயரில் வைத்தார். அதன் பின் அறுபது ஆண்டுகள் உலகம் இதை மறந்திருந்தது. 1990களின் நடுவில் மீனியலாளர் ஜெரால்டு ஆலன் இதை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்த சில ஆண்டுகளுக்குள், உலகெங்கும் வண்ணமீன் கடைகளில் இது விலைக்கு வந்துவிட்டது.

தமிழ்நாடு வண்ணமீன் வளர்ப்புக்குப் புதிய நாடன்று. சென்னைக் கொளத்தூரின் வீட்டு முற்றங்களிலும் சிமென்ட் தொட்டிகளிலும் நன்னீர் வண்ணமீன்கள் தலைமுறையாகப் பெருக்கப்படுகின்றன. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் கோமாளி மீன் பொரிப்பக நுட்பம் வளர்க்கப்பட்டது. ஆனால் கோமாளி மீனின் குஞ்சு பொரிந்தவுடன் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில், வாய் சிறுத்து, நீரோட்டத்தில் மிதக்கும் இளவுயிரி நிலையில் இருப்பதால், அதற்கு முதல் உணவாக நுண்பாசியையும் அதை உண்டு வளரும் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியையும் தனித்தனியே வளர்க்க வேண்டியிருக்கிறது. கார்டினல் இனங்களிலும் பெரும்பாலானவை இத்தகைய மிதக்கும் குஞ்சுகளையே வாயிலிருந்து உமிழ்கின்றன. பங்காய் கார்டினலில் அந்த நிலையே இல்லை. தந்தையின் வாயிலிருந்து வெளிவருவது, பட்டையும் புள்ளியும் துடுப்பும் முழுமையாக அமைந்த, தாய்தந்தையின் சிற்றுருவேயான மீன். ஆய்வுக்கூட வசதி இல்லாத ஒரு வீட்டில் இக்கலை கைகூடுவதற்கு இந்த ஒரே இயல்புதான் காரணம்.

இணை சேர்ப்பதே முதல் சோதனை. ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தால் உறுதியாகப் பிரித்தறிய இயலாது என்பதால், தேர்ந்த வளர்ப்பாளர்கள் ஐந்தாறு இளமீன்களை ஒன்றாக வாங்கி, அவை தாமாகவே இணை தேர்ந்துகொள்ளும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். இரண்டு மீன்கள் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு மற்றவற்றை அண்டவிடாமல் துரத்தத் தொடங்கும் நாளே இணை அமைந்த நாள். அன்றே மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால், அவை ஒவ்வொன்றாக இறக்கும். பெண்ணே முன்னின்று ஆணை நாடி, உடல் நடுங்க அதன் அருகே ஒட்டி நிற்பதும், போட்டிக்கு வரும் பெண்களை விரட்டுவதும் இவ்வினத்தின் தனிச்சிறப்பு. நூலிழைகளால் ஒன்றோடொன்று பிணைந்த, ஏறத்தாழ 3 மி.மீ. விட்டமுள்ள செம்மஞ்சள் முட்டைகள் சுமார் 40 ஒரே கொத்தாக வெளிவர, ஆண் அதைச் சில நொடிகளில் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறது. தவறி விழுந்த முட்டைகள் வீணே.

அந்த நொடியிலிருந்து ஆண் உண்பதில்லை. தாடைக்குக் கீழே சதுரமாகப் புடைத்த தொண்டை, இறுக மூடாத உதடுகள், தீனி போட்டாலும் திரும்பாத முகம் ஆகிய மூன்றுமே அடைகாப்பின் அடையாளங்கள். சில நேரம் அது வாயை அகலத் திறந்து முட்டைக்கொத்தைப் புரட்டிக்கொள்ளும்போது செம்மஞ்சள் நிறம் மின்னலெனத் தெரிந்து மறையும். எல்லா முட்டைகளுக்கும் உயிர்வளி கிடைப்பதற்கான செயல் அது. சுமார் 20 நாளில் முட்டைகள் பொரிகின்றன என்றாலும், கருவுணவு தீரும் வரை மேலும் ஒரு வாரம் பத்து நாள் குஞ்சுகள் வாய்க்குள்ளேயே தங்குகின்றன. இறுதி நாட்களில் தந்தையின் மெல்லிய தொண்டைத் தோலின் வழியே வெள்ளிப் புள்ளிகளாகக் குஞ்சுகளின் கண்கள் தெரியும் காட்சி, இக்கலையை அறிந்தோர் ஆண்டுகள் கடந்தும் பேசும் காட்சி. வாய்க்குள்ளிருக்கும் பார்வையைத் தந்தையின் உடல் வழியாக மனிதர் காணும் அந்தத் தருணத்துக்கு இணையாக வண்ணமீன் வளர்ப்பில் வேறொன்றைச் சொல்வது கடினம்.

இம்மாதம் முழுவதும் வளர்ப்பவர் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி எதுவும் செய்யாதிருத்தலே. முதல் முறை தந்தையாகும் ஆண் சில நாட்களில் முட்டைகளை விழுங்கிவிடுவது மிகப் பொதுவான நிகழ்வு. பொறுமையிழந்து அதன் வாயைத் திறந்து முட்டைகளைப் பிரித்தெடுப்போரும் உளர். அது பிழையான வழி என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முறைகளில் அதே ஆண் தேர்ந்த தந்தையாகிவிடுகிறது. அடைகாக்கும் ஆணைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்ற நேர்ந்தால், வலையால் பிடித்தால் அதிர்ச்சியில் முட்டைகளைத் துப்பிவிடும் என்பதால், நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தை மெல்ல நீட்டி, மீனை நீரோடு சேர்த்து எடுப்பதே முறை.

ஆயக்குடி போன்ற உள்நாட்டுச் சமவெளி ஊரில் இதற்குக் கடலையே வீட்டுக்குள் உண்டாக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை ஆர்ஓ கருவியால் நீக்கப்பட்ட பின், லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை சேர்த்து, உப்படர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபார்க்க வேண்டும்; சமையல் உப்பு கடல்நீருக்கு மாற்றாகாது. சித்திரை, வைகாசி வெயிலில் அறையின் வெப்பம் ஏற ஏற, 26 முதல் 28 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய நீரும் சூடேறுகிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் வெப்பம் இறங்கும், ஆனால் அதே அளவுக்கு நீர் ஆவியாகி உப்பு அடர்ந்துவிடும். அந்தக் குறையை உப்புநீரால் அன்றி நல்ல நீரால் அன்றாடம் ஈடுசெய்வதே முறை என்பது தொடக்க வளர்ப்பாளர்கள் பலர் மீன்களை இழந்த பின்னரே கற்கும் பாடம். மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வெளிவந்த குஞ்சுகளைத் தந்தை மீண்டும் வாயில் ஏற்பதில்லை. அவை அதன் இரையாகவும் கூடும். இயற்கையில் அவை நீண்ட முட்கள் கொண்ட கடல் முள்ளெலியின் ஊசிக்காட்டுக்குள் புகுந்து தப்புகின்றன. வீட்டில் ஒரு சிறு பந்தில் கறுப்பு கேபிள் டைகளைச் செருகி அம்முள்ளெலியின் போலியை உருவாக்கி வைத்தால், ஒரு செ.மீ.கூட நீளமில்லாத குஞ்சுகள் அதை உண்மையென நம்பி முள்ளோடு முள்ளாக நிற்பது கண்கொள்ளாக் காட்சி.

அவற்றின் முதல் உணவு ஆர்ட்டீமியா என்னும் உப்பள இறாலின் குஞ்சு. தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் இச்சிற்றுயிரின் உலர்முட்டையை உப்புநீரில் இட்டு, வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். இக்கலையின் நுட்பமெல்லாம் இங்கேதான் குவிந்திருக்கிறது. வெறும் ஆர்ட்டீமியாவை மட்டும் தின்று வளர்ந்த குஞ்சுகள் கொழுத்து நலமாகத் தோன்றினாலும், ஒருநாள் விளக்கைப் போட்டதற்கோ கண்ணாடியை யாரோ தட்டியதற்கோ திடுக்கிட்டு விறைத்து, அடியில் விழுந்து இறந்துவிடுகின்றன. நீண்ட தொடர் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களின் குறைவே இதற்குக் காரணம் என்று அறியப்பட்டுள்ளது. அக்குறையைப் போக்க ஆர்ட்டீமியாவை மீனெண்ணெய்க் குழம்பில் ஊறவைத்துச் சத்தேற்ற வேண்டும். ஆனால் பொரிந்த புதிதில் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்திருப்பதில்லை என்பதால், அது முதல் முறை தோலுரிக்கும் வரை சில மணி நேரம் காத்திருந்து, அதன் பின்னரே எண்ணெய் கலக்க வேண்டும். இரையின் வாய் திறக்கும் நேரத்தை அறிந்தவரே மீனின் வாயிலிருந்து வந்ததைப் பிழைக்கவைக்கிறார். நாளுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு ஊட்டி, மீந்ததை உறிஞ்சி அகற்றி வந்தால், சில மாதங்களில் அவை நறுக்கிய இறாலுக்கும் உறையவைத்த மைசிஸ் என்னும் இறால்போன்ற சிற்றுயிருக்கும் பழகிவிடும்.

வீட்டுத் தொட்டிக்கு இம்மீனை எளிதாக்கிய இயல்பே கடலில் இதற்குப் பகையாயிற்று. குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து தொலைவு செல்லாததால் இவ்வினம் பிறந்த பாறையை விட்டுப் பரவுவதில்லை; ஒரு விரிகுடாவின் மீன் கூட்டம் அழிந்தால் அடுத்த தீவிலிருந்து வந்து அதை நிரப்ப மீன் இல்லை. சின்னஞ்சிறு தீவுக்கூட்டமொன்றிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டதன் விளைவாக, 2007ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவை எதிர்நோக்கும் இனமாகச் செம்பட்டியலில் சேர்த்தது. நெடும்பயணத்தில் நலிந்து வரும் கடல் மீன்களைக் கொல்லும் வைரஸ் நோயும் இவ்வணிகத்தோடு பரவியது. தொட்டியில் பிறந்த மீனோ தொட்டி நீருக்கும் உணவுக்கும் பிறவியிலேயே பழகியது. நீடித்து வாழ்வதும் அதுவே.

பங்காய் கார்டினலை வாங்க விரும்புவோர் கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: இது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா? தெளிவான விடை கிடைக்காத கடையில் வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஓர் இணை அமைந்து முதல் குஞ்சுகள் பிழைத்துவிட்டால், அவற்றை அடுத்தவருக்குக் கொடுங்கள்.