ஆடினவன் யார்?

கேமரன் மலையின் வடகோடியிலுள்ள கம்போங் ராஜாவில், தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து இறங்கி வருவோர் கூடும் ஒரு தேநீர்க் கடையில் சென்ற மாதம் எழுந்த ஒரு சிறு வழக்கே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. வழக்காடியோர் இருவரும் இளைஞர். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பியர். கைப்பேசி வாயிலாக இணையத்தில் சதுரங்கம் ஆடுவது அவர்கள் வழக்கம். காசு வைத்து ஆடுவதில்லை. இரண்டு மாதமாகத் தம்பியே வென்று வந்தான். பின்னர்த் தெரிய வந்தது யாதெனில், தம்பியின் பெயரில் ஆடி வந்தவன் தம்பியல்லன், ஈப்போவில் படிக்கும் அவனுடைய நண்பன் என்பதே. அண்ணன் சினந்தான். "விளையாட்டுத்தானே அண்ணே! காசா, பணமா?" என்றான் தம்பி. கடையிலிருந்தோர் நகைத்தனர். ஒரு பெரியவர் மட்டும் நகையாமல், "இது சகுனி வேலையடா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தம் தேநீரைப் பருகலானார்.

பெரியவரின் தீர்ப்புச் சரியானதே. ஆனால் அவர் கருதிய காரணத்தினால் அன்று. சகுனி வேலை என்றால் நம்மவர் நினைப்பது மாயக் கட்டையை. தந்தையின் எலும்பிலிருந்து கடைந்தெடுத்த பாய்ச்சிகை என்றும், சொன்ன எண்ணை விழச் செய்யும் என்றும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது வாய்மொழியாக வளர்ந்த கதை. வியாசர் பெயரால் வழங்கும் பாரதத்தில் இந்த எலும்பு இல்லை. பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலும் இல்லை. பாரதியார் அதனை மாயச் சூது என்று சொல்லுகிறாரேயன்றி, அம்மாயம் எத்தகையது என்று விரித்துரைக்கவில்லை. இது அவர் செய்த பிழையென்றே நாம் கருதுகிறோம். "மாயம்" என்ற ஒரு சொல் கிடைத்துவிட்டால், படிப்பவன் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணெதிரே நடக்கும் மோசடியைக் காணாமலே போய்விடுகிறான். மந்திரக் கட்டை நம் வீட்டில் இல்லையாதலால் சகுனியும் நம் வீட்டில் இல்லை என்று நிம்மதியடைந்தும் விடுகிறான்.

அப்படியானால் மோசடி எங்கே நடந்தது? நூலைத் திறந்து பார்ப்போம். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. அதன் சூதாட்டச் சருக்கத்தில், தருமன் சூதாட மறுத்து, வஞ்சனையால் வெல்வது வெற்றியாகாது என்று வாதிடுகிறான். சகுனி அதற்குக் கூறும் மறுமொழி மிகவும் திறமையானது. வாட்போரில் பயின்றவன் பயிலாதவனை வீழ்த்துகிறான். சாத்திர வாதத்தில் கற்றவன் கல்லாதவனை மடக்குகிறான். அவற்றைச் சதியென்று எவரும் சொல்வதில்லை. சூதில் தேர்ந்தவன் தேராதவனை வெல்வதை மட்டும் ஏன் சதியென்கிறாய் என்கிறான். இந்த வாதம் வடமொழி மூலத்திலும் உள்ளது. தம் நூலைப் பெரும்பாலும் வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பென்றே கொள்ளலாம் என்று பாரதியாரே எழுதியிருக்கிறார்.

சகுனியின் இந்த வாதத்தில் பொய் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திறமையுள்ளவன் வெல்வது சதியாகாது. நளன் கதையைப் பாருங்கள். நாட்டைச் சூதில் இழந்த நளன், அயோத்தி மன்னனான இருதுபர்ணனிடம் சூதின் மருமத்தைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, புட்கரனை மீண்டும் சூதுக்கே அழைத்து வென்றான். அவனை எவரும் சதிகாரன் என்று சொல்லவில்லை. ஏன்? கற்றவனும் நளன், பலகையின் முன் அமர்ந்தவனும் நளன், தோற்றிருந்தால் இழக்கப் போகிறவனும் நளன். சகுனி சொன்ன வாள்வீரனும் தன் கையால்தான் வாளைச் சுழற்றுகிறான். பண்டிதனும் தன் வாயால்தான் பேசுகிறான். அத்தினாபுரத்து அவையில் நடந்தது அதுவன்று.

அங்கே நடந்ததைக் கவி சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். பந்தயப் பொருளை வைப்பவன் துரியோதனன், ஆடுகிறவன் சகுனி. ஒருவன் ஆட மற்றொருவன் பணயம் வைப்பது முறையாகுமா என்று தருமன் கேட்கிறான். மாமன் ஆடுவதற்கு மருமகன் பொருள் வைத்தால் அதில் என்ன குற்றம் என்று உறவைக் காட்டி மழுப்புகிறான் துரியோதனன். அப்போது அங்கநாட்டரசனாகிய கர்ணன் சிரிக்கிறான்: பொழுதுபோக்குக்காக ஆடப் போகிறோம், இதற்குப் போய் அழுவானேன் என்கிறான். உள்ள பழுதையெல்லாம் அரசர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன், முடிவை நீங்களே காண்பீர்கள் என்று சொல்லிவிட்டுத் தருமன் மணிமாலை ஒன்றைப் பணயமாக வைக்கிறான். ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

பாரதியார் இந்நூலில் வாய் திறவாமல் கதை மட்டும் சொல்லுகிறவர் அல்லர். தருமன் பழைய வழக்கத்தை எண்ணிச் சூதுக்கு இணங்குமிடத்தில், முன்னோர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்தால் பொய் மெய்யாகுமோ என்று கதையை நிறுத்திவிட்டே கடிந்து பேசுகிறார். நாட்டைப் பணயமாக வைக்குமிடத்தில், காவற்காரன் வீட்டை வைத்துத் தோற்பதற்கு அதை ஒப்பிட்டுச் சீறுகிறார். இந்த ஆள்மாற்றத்தின் இடத்தில் மட்டும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதலில் படித்தபோது இது நமக்குக் குறையாகவே பட்டது. இப்பொழுது அபிப்பிராயம் மாறிவிட்டது. சாக்குச் சொல்லும் மூவரையும் பாருங்கள். மோசம் செய்பவன் திறமையைப் பேசுகிறான். செய்விப்பவன் உறவைப் பேசுகிறான். "விளையாட்டுத்தானே" என்ற சொல்லோ, கொடைக்கும் ஆண்மைக்கும் பேர்போன கர்ணன் வாயிலிருந்து, அதுவும் சிரிப்புடன் வருகிறது. இதற்கு மேலே கவி உரை எழுத வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் சிரித்தவர்களும் நல்லவர்கள்தாம்.

இது பழங்கதை என்று கருதுவோருக்கு ஒரு புதிய நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். 2021 ஜூன் 13ஆம் நாள், கொரோனாத் தொற்றுக்கால நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்காக, ஐந்து முறை உலக வாகையரான சென்னை விசுவநாதன் ஆனந்த், பிரபலங்கள் சிலருடன் இணையத்தில் சதுரங்கம் ஆடினார். அவர்களுள் ஒருவர் சிரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான நிகில் காமத். ஆனந்த் அவரிடம் தோற்றார். காமத்தின் காய் நகர்த்தல்களின் துல்லியம் கண்டு பலரும் ஐயுற்றனர். மறுநாள் காமத் தாமே ஒப்புக்கொண்டார்: ஆட்டத்தை ஆராய்ந்தவர்களும் கணினியும் தமக்கு உதவியதாகவும், இது வேடிக்கைக்கும் தருமத்துக்கும் ஆடியது என்றும், யோசித்துப் பார்த்தால் அசட்டுத்தனமே என்றும் கூறி மன்னிப்புக் கேட்டார். அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு கண்டித்தது. செஸ்.காம் என்னும் ஆட்டத்தளம் அவருடைய கணக்கை மூடியது. ஆனந்த் மேலும் தொடர விரும்பாமையால் மீண்டும் திறந்தது. ஆனந்த் சொன்னது சுருக்கமானது. பலகையில் உள்ள நிலைக்குத் தாம் ஆடியதாகவும், எல்லோரிடமும் அதனையே எதிர்பார்த்ததாகவும் கூறினார்.

1997இல் டீப் புளூ என்னும் கணினி, அப்போதைய உலக வாகையர் காஸ்பரோவை ஆறு ஆட்டப் போட்டியில் வென்றது. அதற்கு ஒரு தனிப் பெரும் பொறி வேண்டியிருந்தது. இன்று அதனினும் வல்ல மாமன் ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் இருக்கிறான். ஆகவே மருமகன் பாடு மிகவும் எளிதாகிவிட்டது. அத்தினாபுரத்திலாவது சகுனி எல்லோரும் காண எதிரில் அமர்ந்து ஆடினான். தருமனுக்கு ஆட்சேபிக்க ஒரு முகம் இருந்தது. இணையத்தில் அந்த முகமும் இல்லை.

"காசா, பணமா?" என்ற தம்பியின் கேள்விக்கு வருவோம். சட்டங்கள் இதுவரை காசையே பார்த்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாதென்றது. திறமையா, அதிர்ஷ்டமா என்பது சகுனியும் எழுப்பிய கேள்விதான். 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. பணமில்லா ஆட்டம் இவ்விரு வழக்குக்கும் புறம்பானது.

ஆனால் பணம் இல்லாமையே தம்பிக்கு எதிரான சாட்சியமாகும். பணயம் வைத்த ஆட்டத்தில் மோசம் செய்பவன் பணத்தைக் கொண்டுபோகிறான். இழந்தவன் அதைத் திரும்பக் கேட்கலாம். பணமில்லா ஆட்டத்தில் எடுத்துக்கொள்ள அந்த ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பகலெல்லாம் மலைச்சரிவில் வேலை செய்து வந்த அண்ணன், தன் தம்பியோடு ஆடுகிறோம் என்று எண்ணி இரண்டு மாத இரவுகளைச் செலவிட்டான். அவன் எதிரில் தம்பி இல்லை. தம்பியோ வெற்றி என்று எதைக் காட்டுவான்? அவன் ஆடவே இல்லையே!

இவற்றையெல்லாம் மறுவாரம் அவ்விருவரிடமும் சொல்லி, நூலில் அந்த இடத்தையும் படித்துக் காட்டினோம். தம்பி தலை குனிந்து கேட்டான். அண்ணனோ நாம் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டான்: "குற்றம் இன்னதென்று தெரிந்து, சபையிலே சொல்லியும்விட்ட தருமன், பிறகு ஏன் உட்கார்ந்து ஆடினான்? எழுந்து போயிருக்கலாமே!" விதி என்றும், அழைத்தால் மறுப்பது அரசர் மரபன்று என்றும் நூலில் விடை இருக்கிறது. அவ்விடை அவனுக்குப் போதவில்லை. நமக்கும் போதவில்லை.