ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத கதை

'பெல்வியூ லிட்டரரி ரிவ்யூ' பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் உடனே அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் டேனியல் ஓஃப்ரியிடம் போவார்கள். இல்லாவிட்டால் அந்த இதழின் உடன்பிறப்பான பதிப்பகம் வெளியிட்டு 2010இல் புலிட்சர் வாங்கிய 'டிங்கர்ஸ்' நாவலுக்கு. இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. அந்த நாவலில் மரணப்படுக்கையில் கிடக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவரைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்ப, ஒரு ஆஸ்பத்திரிக்குள் இயங்கிய சின்னப் பதிப்பகம் கைகொடுத்தது என்பது அழகான வரலாறுதான். ஆனாலும் என் ஓட்டு அந்த இதழில் வந்த செலஸ்ட் இங்கின் 'கேர்ள்ஸ், அட் ப்ளே' சிறுகதைக்கே.

அதில் டாக்டர் இல்லை, படுக்கை இல்லை, நோய்க்குப் பெயரும் இல்லை. பள்ளி மைதானத்தில் சில சிறுமிகள், கையில் வண்ண வளையங்கள். பையன் ஒருவன் வளையத்தைப் பிடித்து இழுத்து அறுத்தால், அந்த நிறத்துக்கு என்ன விலையோ அதை அவள் தன் உடம்பால் கொடுக்க வேண்டும். கதையைச் சொல்வது தனி ஒருத்தி அல்ல, 'நாங்கள்'. புதிதாகப் பள்ளிக்கு வரும் கிரேஸ் என்ற வெகுளிப் பெண்ணுக்காக இந்த 'நாங்கள்' கொஞ்ச காலம் மறுபடியும் குழந்தைகளாகிப் பார்க்கிறது. அந்தப் பகுதியில் இங் காட்டும் நிதானத்தை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்கும் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. விதிகளை அடுக்குவதுபோலவே கதை தொடங்குகிறது. வலியும் அந்த விதிகளின் குரலிலேயே வந்து சேர்கிறது. 'நான்' என்று சொல்லியிருந்தால் வாக்குமூலமாகியிருக்கும். 'அவர்கள்' என்றிருந்தால் சமூகவியல். 'நாங்கள்' என்பதால் யாரையும் தனியாகப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க முடியவில்லை. 2012இல் கதைக்குப் புஷ்கார்ட் பரிசு வந்தது. இங்கின் முதல் நாவல் வெளியானதே 2014இல்தான்.

உடலும் நோயும் நலமும்தான் தன் களம் என்று அறிவித்துக்கொண்ட இதழ், இந்தக் கதையை எப்படித் தன்னுடையதாக அடையாளம் கண்டது? என் வியப்பு அங்கேதான். தன் உடம்பைப் பற்றிய முடிவு தன் கையில் இல்லாமல் போவதும் உடல்நலத்தின் கதைதான் என்று விளக்கக் குறிப்பு எதுவும் எழுதாமல் அச்சில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஆசிரியர் குழுவின் செவி அப்படி.

செவி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதழ் பிறந்த இடம் நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரி, 1736 முதல் இயங்குவது. பிறந்தது 2001 இலையுதிர்காலத்தில். அதே நாட்களில் அந்த ஆஸ்பத்திரியின் வெளிச்சுவரில், செப்டம்பர் 11 தாக்குதலில் காணாமல்போனவர்களின் படங்களை நியூயார்க் மக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலக்கிய இதழ் நடத்துகிறவர்கள் சத்தம் போட்டு எழுதமாட்டார்கள் என்பது என் துணிபு.

ஆண்டுக்கு இரண்டு இதழ். இதழுக்கொரு வாசிப்பு மாலை, அதுவும் ஆஸ்பத்திரியின் பழைய வட்டக் கூடத்திலேயே நடந்த காலம்தான் எனக்குப் பொற்காலம். கவிதை, கட்டுரை, கதை என்று கலந்து வரும். எழுதியவரே வாசிப்பார். சிலருக்குக் குரல் நடுங்கும், சிலர் பக்கத்தைத் தவறவிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சிம்ஃபனி ஸ்பேஸ் அரங்கின் 'செலக்டட் ஷார்ட்ஸ்' மாதிரி நல்ல நடிகர்களைக் கொண்டு வாசிக்க வைத்தால் என்ன என்று கேட்பார்கள். நல்ல நடிகர் கதையை உயர்த்துவார், மறுக்கவில்லை. ஆனால் எங்கே அழ வேண்டும் என்பதையும் அவரே காட்டிவிடுவார். 'கேர்ள்ஸ், அட் ப்ளே' அப்படி ஒருவர் கையில் சிக்கினால் என்னாகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கூட்டுக் குரலை ஒற்றை நடிகை 'செய்து காட்ட'த் தொடங்கினால் கதை அங்கேயே முடிந்தது.

இன்னொரு கட்சி, டாக்டர் ரீட்டா ஷரோன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த 'நேரேட்டிவ் மெடிசின்' சிந்தனையின் வழி வந்தது. கதையைக் கூர்ந்து படிக்கப் பழகிய டாக்டர் நோயாளி சொல்வதையும் கூர்ந்து கேட்பார் என்பது அவர்கள் வாதம். கேட்கட்டும், நல்லதுதான். அந்தப் பயனுக்காகத்தான் கதை என்று வரும்போது மட்டும் எனக்குச் சங்கடம். செக்காவ் டாக்டராகவும் இருந்தார். அதனால் அவர் கதைகளை வார்டு ரவுண்டுக்கான தயாரிப்பு என்று யாரும் சொல்வதில்லையே.

2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கலை உடல்நலத்துக்கு உதவுகிறது என்று அறிக்கை தந்தது. அறிக்கை மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய நிகழ்ச்சிகள்தான் தொல்லை. 'கலையும் நலமும்' என்று அழைப்பிதழ் வருகிறது. போனால் முதலில் மூச்சுப் பயிற்சி, பிறகு ஸ்லைடு, நடுவில் ஒரு கவிதை, கடைசியில் 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கேட்கும் படிவம். அப்படி ஒரு கூட்டத்தில், இறந்துபோன மகனைப் பற்றி ஒரு பெண்மணி வாசித்து முடித்த கையோடு ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, இந்த அனுபவம் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சபையோ அதற்கும் கைதட்டியது.

ஓராண்டு முழுக்க உடல்நலமும் கலையும் பற்றி நிகழ்ச்சிகள் நடத்தப்போகும் எந்த இதழுக்கும் நான் வைக்கும் விண்ணப்பம் சின்னதுதான். நான்கில் ஒரு மாலையாவது ஆஸ்பத்திரி தலைகாட்டாத எழுத்துக்கு ஒதுக்குங்கள். வாசிப்பவரை அறிமுகம் செய்யும்போது அவருக்கு என்ன நோய் என்று சொல்லாதீர்கள். கேள்வி நேரம் வைத்தே தீர வேண்டுமென்றால், காபிக்கு எழுந்து போக நினைப்பவர்களை முதலில் போகவிட்டுப் பிறகு வையுங்கள்.