அணியில் இல்லாத மாணவி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்றால் குறுவட்டப் போட்டிதான் கண்முன் வரும். குறுவட்டத்தில் வென்றால் மாவட்டம், அடுத்து மாநிலம். குடியரசு தின விழா, பாரதியார் தின விழா என 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் ஆட்டங்கள். இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. “வயசுக்கு வந்த பிள்ளையை எதுக்கு வெயில்ல ஓடவிடணும்?” என்று கேட்கும் வீட்டில், மகளுக்காக வாதாடி வெல்வது ஒரு சான்றிதழ்தான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு என்று உடற்கல்வி ஆசிரியர் எடுத்துச் சொன்னால் அப்பா யோசிக்கிறார். அம்மா டிராக் பேன்ட்டுக்குப் பணம் தருகிறார்.

ஆனால் ஒரு கோ-கோ அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பள்ளியில் மீதமிருக்கும் நூற்றுக்கணக்கான மாணவிகளுக்கு விளையாட்டுப் பாடவேளை என்ன தருகிறது? வரிசையில் நின்று டிரில், பிறகு வேப்பமர நிழல். 11 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளுக்கு ஒரு மணிநேரமாவது உடலுழைப்போடு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் 85 சதவீதத்தினரும் ஆண்களில் 78 சதவீதத்தினரும் அந்த அளவை எட்டவில்லை. கோப்பைகளின் எண்ணிக்கையில் இந்தக் குறை தெரிவதே இல்லை.

இந்தக் குறைக்குப் பெண்களுக்கெனத் தனி ஆட்டம், தனி இடம் என்பது நாம் நெடுங்காலமாகக் கையாளும் வழி. எறிபந்து 1940களில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியே பெண்களுக்கான ஆட்டமாகத்தான் இங்கே பரவியது. வளையப்பந்துக்கு ஒரு ரப்பர் வளையமும் வலையும் 40 அடி நீளக் களமும் இருந்தால் போதும். புதிதாக வருபவளும் ஒரே வாரத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். யாரும் கேலி செய்யாத இடத்தில் கூச்சம் விலகும் என்பதும் உண்மை. ஆனால் இருபாலர் பள்ளிகளில் இதன் மறுபக்கத்தையும் பார்க்கிறோம்: பெண்களுக்கு ஓரத்தில் ஒரு வலை, பெரிய மைதானம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட். சரி, பையன்களே இல்லாத மகளிர் பள்ளியில் மர நிழல் காலியாகவா இருக்கிறது? பிரித்து வைப்பது கூச்சத்தைத்தான் குறைக்கும். சேர்த்துக்கொள்வது அதைத் தாண்டிய வேலை.

அந்த வேலை உடையிலிருந்து தொடங்குகிறது. சுடிதாரும் மேல்கோட்டுமாக வந்தவளை 200 மீட்டர் ஓடச் சொல்கிறோம். வியர்த்த உடையோடு அடுத்த வகுப்பில் உட்கார வேண்டுமே என்ற கவலையில் அவள் மெல்ல நடக்கிறாள். அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறோம். மாதவிலக்கு நாளில் ஆண் ஆசிரியரிடம் “வயித்துவலி சார்” என்று எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் முழு ஓய்வு, சொல்லாவிட்டால் முழு ஓட்டம். ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கும் இதே மாநிலத்தில், இரண்டுக்கும் நடுவே நடை, நீட்டல் பயிற்சி, நடுவர் வேலை என்று மூன்று வழிகளைக் கரும்பலகையில் எழுதி, காரணம் கேட்காமல் தேர்ந்தெடுக்க விடுவதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டுப் பாடவேளையே கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. அதைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஆனால் பாடவேளை திரும்பக் கிடைத்தாலும், அது அணிக்கான பயிற்சி நேரமாகவே இருந்தால் பெரும்பாலான மாணவிகளுக்கு எதுவும் மாறாது.

என் தீர்ப்பு இதுதான்: போட்டி முறை இருக்கட்டும், ஆனால் அது பள்ளி முடிந்த பின் நடக்கட்டும். பாடவேளை, அணியில் இல்லாதவளுக்கு உரியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் கோப்பை எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவிகளில் இந்த வாரம் எத்தனை பேர் விளையாடினார்கள் என்று கேளுங்கள்.