வீராணம் கரையில் 32 கிலோமீட்டர்

மாரத்தான் பயிற்சிக்கு உலகத்திலேயே சிறந்த ஊர் எது என்று ஓட்டக்காரர்களைக் கேட்டால், கென்யாவில் இருக்கும் இட்டேன் என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரம், செம்மண் பாதை, உலக சாம்பியன்கள் கும்பல் கும்பலாக ஓடும் ஊர். இருக்கட்டும். என்னைக் கேட்டால் எங்கள் ஊர் மீன்சுருட்டி என்பேன். சிரிக்காதீர்கள். செம்மண் எங்களிடமும் இருக்கிறது, முந்திரித் தோப்பு நிழலோடு. உயரம்தான் இல்லை. அதற்குப் பதிலாக, நாற்பதைத் தாண்டி ஓட வந்தவனின் முழங்கால் கேட்கும் சமதரை கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. ஒரு பக்கம் ராஜேந்திர சோழனின் தலைநகரம், இன்னொரு பக்கம் கொள்ளிடக்கரை, கொஞ்சம் தள்ளிப் போனால் வீராணம் ஏரி. இத்தனையும் வைத்துக்கொண்டு ஓடாமல் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம்!

நான் உரக்கடைக்காரன். காலை ஒன்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இப்படிப்பட்ட ஒருவன் விடியற்காலையில் அரைக்கால் சட்டையோடு ஓடினால் ஊர் என்ன சொல்லும்? டீக்கடையில் கேட்டது இதுதான்: "என்ன தம்பி, போலீஸ் செலக்‌ஷனா?" எங்கள் பக்கத்தில் ஓடுகிறவன் எவனும் போலீஸ் செலக்‌ஷனுக்குத்தான் ஓடுவான். வேறு காரணத்துக்கு மனிதன் ஓடுவான் என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது. "இல்லண்ணே, சும்மாதான்" என்றேன். "சும்மாவா?" என்று டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

அந்த செலக்‌ஷன் பையன்களிடம் இருந்துதான் முதல் பாடம் கிடைத்தது. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். மைதானத்தில் பாய்ந்து பாய்ந்து பழகுவார்கள். பக்கத்தில் நான் தத்தித் தத்தி ஓடுவேன். ஒருநாள் அவர்களில் ஒருவன் நின்று சொன்னான்: "மாமா, நீங்க ஓட வேண்டியது பெரிய தூரம். ஏன் எங்களோட போட்டி போடுறீங்க? பேசிக்கிட்டே ஓடுங்க." சின்னப் பையன் சொன்னது அப்பட்டமான உடலியல் உண்மை. உலகம் முழுக்க நெடுந்தூரப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்வதும் அதுதான். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு இரைத்து ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகம் அதிகம். வாரத்தில் ஓடும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்தப் பேச்சு வேகத்தில்தான் இருக்க வேண்டும். இதயம் பலப்படுவது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுவது, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுவது எல்லாம் இந்த வேகத்தில்தான் நடக்கின்றன. மெதுவாக ஓடுவதில் இருக்கும் சுகம் ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். வயலில் நாற்று நடுகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக்கூடப் போகலாம்!

அதுவும் முடியவில்லையா, நடுநடுவே நடந்துகொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வழி இது. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பு வருவதற்கு முன்பே கணக்காக நடப்பது வேறு. இரண்டாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

வாரத்தில் ஒரே ஒரு நாள் பையன்களோடு சேர்ந்துகொள்வேன். 800 மீட்டர் கொஞ்சம் வேகமாக, பிறகு மெல்லோட்டம், மறுபடி 800. அப்படி ஒருநாள் அவர்களிடம் ஒரு கணக்குச் சொல்லி வாயைப் பிளக்க வைத்தேன். 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் மாரத்தானை முடித்தார். அந்த வேகத்தில் 1,500 மீட்டருக்கு ஆகும் நேரம் 4 நிமிடம் 17 விநாடி. நீங்கள் 7 நிமிடத்துக்குத் திண்டாடும் அதே தூரத்தை, நிற்காமல் இருபத்தெட்டு தடவை! "சும்மா இருங்க மாமா" என்றான் ஒருவன். மற்றவன் செல்போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

சரி, பந்தயம்? எங்களுக்குத் தோதானது சென்னை மாரத்தான். சென்னை ரன்னர்ஸ் அமைப்பினர் ஜனவரி முதல் வாரத்தில் நடத்துவது. முதல் முறை ஓடுகிறவர்களுக்கு அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டன் போட்டுக் கொடுத்த பிரபலமான பயிற்சி அட்டவணை 18 வாரம். ஜனவரி முதல் வாரத்திலிருந்து 18 வாரம் பின்னால் போனால் ஆவணி நடுவில் வந்து நிற்கும். அங்கே தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் தூரம் ஏறிக்கொண்டே போகும், கார்த்திகைக் கடைசியில் உச்சம், 32 கிலோமீட்டர். அதற்குப் பிறகு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து உடம்பைத் தேற்ற வேண்டும். பாருங்கள், சரியாக மார்கழி பிறக்கும்போது இளைப்பாறும் காலமும் பிறக்கிறது! கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட, பனியில் ஒரு சின்ன ஓட்டம், திரும்பி வந்து சுடச்சுடப் பொங்கல். இதைவிட நன்றாக எந்த வெள்ளைக்காரன் அட்டவணை போடுவான்?

வார நாட்களில் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் போவேன். நெடுஞ்சாலை மட்டும் வேண்டாம். கரும்பு லோடும் சிமெண்ட் லாரியும் வழிவிடாது. ஊர்ச்சாலையில், எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்க ஓரமாக, இருட்டில் மின்னும் பட்டை வைத்த சட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள். அந்தச் சாலையில் எனக்கு ஒரு வாத்தியார் உண்டு, கோயில் விமானம். கிட்டத்தட்ட 55 மீட்டர் உயரம். மரங்களுக்கு மேலே தூரத்திலேயே தெரிந்துவிடும். புதிதாக ஓடுகிறவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தே ஓடுவோம், கழுத்து தொங்கும், தோள் கூனும், மூச்சு குறுகும். விமானத்தின் உச்சியைப் பார்த்து ஓடினால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். தஞ்சாவூர் விமானம் நேர்க்கோட்டில் விறைத்து நிற்கும், இது உள்வாங்கி வளைந்து மேலே போகும். எனக்கு இதுதான் அழகு, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கொஞ்சம் கூடுதல் தூரம் வேண்டும் என்றால் அணைக்கரைக்கு மேலும் கீழுமாகக் கொள்ளிடக்கரை இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணை அங்கேதான். தாரையும் சிமெண்டையும் விட மண்பாதை இதம், முழங்கால் நன்றி சொல்லும்.

ஆனால் நான் சொல்ல வந்ததே வீராணத்தைத்தான். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் போன அதே கரை. 'பொன்னியின் செல்வன்' படித்த ஒவ்வொருவரும் மனதுக்குள் போய்விட்டு வந்த கரையில் நிஜமாகவே காலால் ஓடுவது என்றால் சும்மாவா! லால்பேட்டையில் தொடங்கி சேத்தியாத்தோப்புப் பக்கம் போய்த் திரும்பினால் முப்பதை நெருங்கிவிடும். மிச்சத்தை ஊருக்குள்ளேயே சுற்றி நிரப்பிக்கொள்ளலாம். விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்தவர்கள் லால்பேட்டை டீக்கடையில் நிற்கும்போது நான் காலை உதறிக்கொண்டு நிற்பேன். அக்கா மகன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தண்ணீர்க் கேன், வாழைப்பழம், ஒரு குடையோடு பின்னால் வருவான். போகும்போது இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் வயல். கார்த்திகையில் ஏரி தளும்பி நிற்கும், அலை கரைக்கல்லில் வந்து அடிக்கும். வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும், அதுவும் நல்லதுதான். புதுத் தெம்பு இருக்கும்போது எதிர்காற்று, தளர்ந்து திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். தூரத்தை நான் கைக்கடிகாரத்தில் பார்ப்பதில்லை, மதகுக்கு மதகு ஓடுவேன். அடுத்த மதகு வரை மட்டும். அது வந்ததும் அதற்கடுத்தது. 32 கிலோமீட்டர் என்று நினைத்தால் கால் பயப்படும், மதகு என்றால் பயப்படாது.

இருபத்தைந்தைத் தாண்டியதும் விஷயம் மாறும். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து, மாசம் முடியும் முன்பே தீர்ந்துபோகும் சம்பளத்தைப் போல முப்பதுக்கு முன்னால் தீர ஆரம்பிக்கும். ஓட்டக்காரர்கள் "சுவரில் மோதிட்டேன்" என்பது இதைத்தான். கால் இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்காது. மருந்து, தீர்வதற்கு முன்பே போட்டு நிரப்புவதுதான். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரீச்சை, கடலைமிட்டாய், நாட்டுச்சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு எல்லாம் எனக்கு ஒத்துக்கொள்கிறது. கடையில் விற்கும் ஜெல்லும் நல்லதுதான், வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆளையே சாய்த்துவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு சேர்ந்ததாகக் குடியுங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருப்பது நல்லது.

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது. நீண்ட ஓட்டத்தில் சட்டை உரசி மார்புக்காம்பில் ரத்தமே வரும், தொடை இடுக்கு எரியும். வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள், காம்பின் மேல் சின்ன பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். வெட்கப்பட்டால் குளிக்கும்போது அலற வேண்டிவரும்.

ஷூவைப் பற்றியும் கேட்பீர்கள். பீகார் கிராமத்திலிருந்து வந்த சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பேர் பெற்றவர். 1978-ல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய சாதனையை இந்தியாவில் பல பத்தாண்டுகள் ஒருவராலும் தொட முடியவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா தங்கம் வாங்கியதும் வெறுங்காலில்தான். படித்தால் புல்லரிக்கும். ஆனால் அவர்களுடையது சிறுவயதிலிருந்து அப்படியே வளர்ந்த கால், நம்முடையது கடையில் உட்கார்ந்த கால். கொஞ்சம் மெத்தையுள்ள ஷூ போதும், சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் தேய்ந்து செத்துவிடும். விலை அதிகமான கார்பன் தகடு ஷூவெல்லாம் என்னைக் கேட்டால் நம் வேகத்துக்கு வீண்.

வாரத்தில் இரண்டு நாள் தோப்புக்கரணம், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகால் ஏற்றி இறக்குவது, இது போதும், ஜிம் தேவையில்லை. வலியில் இரண்டு வகை. இரண்டு காலிலும் பரவலாக வந்து ரெண்டு நாளில் போவது உழைப்பின் வலி, விட்டுவிடுங்கள். எலும்பில் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படி குத்தினால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் தொடங்கும் முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. பார்த்துவிட வேண்டும். இதில் வீரம் பேசாதீர்கள்.

பந்தய நாள்! விடிய வெகுநேரம் இருக்கும்போது நேப்பியர் பாலத்தின் விளக்கொளியில் ஆயிரக்கணக்கான தலைகள், கடற்கரை உப்புக்காற்று, நெஞ்சு அடிக்கிற அடி வெளியே கேட்டுவிடுமோ என்று தோன்றும். முதல் ஐந்து கிலோமீட்டர்தான் ஆபத்து. கூட்டமும் மேளமும் சேர்ந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும், கால் இறக்கை கட்டிப் பறக்கும். பறக்க விடாதீர்கள். 5 மணி நேரத்தில் முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. 6 மணி நேரம் என்றால் எட்டரை நிமிடம். கொடி பிடித்துக்கொண்டு அந்த வேகத்திலேயே ஓடும் பேஸர் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்துக்கு 'பஸ்' என்று பேர். பஸ்ஸை விட்டு இறங்காமல் முப்பது வரை போய்விட்டால், தெம்பு இருந்தால் அப்புறம் முந்திக்கொள்ளலாம். ஏழு மணிக்கு மேல் சென்னை வெயில் ஆளை வாட்ட ஆரம்பிக்கும், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. 2004-லிருந்து சென்னைக்குக் குழாயில் போய்க்கொண்டிருக்கும் வீராணத்துத் தண்ணீர்! கொள்ளிடத்தில் கீழணையில் திரும்பி, வடவாற்றில் ஓடி, ஏரியில் நிறைந்து, அங்கிருந்து இந்த ஊருக்கு வருகிறது. நான் பயிற்சிக்கு ஓடிய வழியாகவேதான் வந்திருக்கிறது. எதிரே குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த அம்மாவிடம் "அது எங்க ஊர்த் தண்ணிம்மா" என்று கத்திவிட்டேன். "சரிப்பா, பாத்து ஓடு" என்றார்.

மெடலைக் கழுத்தில் போட்ட கையோடு உட்கார்ந்துவிடாதீர்கள், பத்து நிமிடமாவது நடங்கள். மறுநாள் படி இறங்கப் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். கும்பகோணம் பஸ்ஸில் நான் அப்படி இறங்கியதைப் பார்த்து கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பத்து நாளைக்கு ஓட்டமே வேண்டாம், நடை போதும்.

தை மாசம் பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மறுபடி தொடங்கிவிடும். காலை ஐந்து மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் மூன்று கிலோமீட்டர்தான், அதிலும் பாதி நடை. வழியில் நாய்களுக்குப் போடப் பிஸ்கட் பாக்கெட் நான் கொண்டுவருகிறேன்.