சராசரிக்குள் அடங்காத லயங்கள்

ஜான் திரேஸும் அமர்த்தியா சென்னும் 1989இல் எழுதிய 'பசியும் பொது நடவடிக்கையும்' நூலைப் போன மாதம் மறுபடியும் வாசித்தேன். நாடு பணக்கார நாடாகும்வரை காத்திராமல், அரசு செலவிட்டே மக்களின் ஆயுளைக் கூட்டலாம் என்பதற்கு அவர்கள் காட்டும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, 1945இன் இலவசக் கல்வி, இலவச மருத்துவம். வாதத்தில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் நான் ஹட்டன் பஜாரில் கடைக்காரர் மகன். தேசிய சராசரி என்றதும் வாப்பாவின் கடன் கொப்பிதான் ஞாபகம் வருகிறது.

மா, பருப்பு, மண்ணெண்ணெய். சம்பள நாளில் பாதிக் கணக்குத் தீரும். அரைப்பேர் கூடிய மாதமென்றால் அதுவுமில்லை. "இவங்களுக்குத் தோட்டந்தான் மகன் அரசாங்கம்" என்பார் வாப்பா. (வட்டி ஹராம் என்று வாங்கமாட்டார். ஆனால் கடனுக்குக் கொடுக்கும் சாமானுக்கு விலை கொஞ்சம் கூட. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இலவசக் கல்வி வந்து மூன்றே வருஷத்தில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கும் போயிற்று. 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வாக்குக்கு அஞ்சும் அரசு பஞ்சத்தை விடாது என்பது சென்னின் இன்னொரு வாதம். அதை இங்கே வைத்துப் பாருங்கள்: வாக்கில்லாதவர்கள்தான் செத்தார்கள். இலங்கையை மெச்சும் அவரது வாதத்தை அவரே திருத்திவிடுகிறார்.

அரசா சந்தையா என்று இன்றும் சண்டை பிடிக்கிறோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது; காணியின் சொந்தக்காரர் இன்றும் பெரும்பாலும் அரசுதான். துரை மாறினார், லயம் மாறவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டமோ தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் வைக்கவில்லை. சபை வாசலைத் தாண்டிப் போகும் றோட்டு, லயத்துக்குத் திரும்பும் இடத்தில் கம்பனி றோட்டாகிவிடும். 2018இல்தான் அதற்குத் திருத்தம் வந்தது. "அரசு விலகட்டும்" என்பவர்களிடம் நான் கேட்பது, அது எப்போது உள்ளே வந்தது என்றுதான்.

புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று நிரல் போடுகிறது. அறிக்கை கைக்கு வந்தால் முதலில் மூன்றாவதைத்தான் பார்க்கிறேன்.