ஏரி விட்டுப்போன சமதளம்

ஊட்டியில் சமதளத்தைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். ஏற்றமும் இறக்கமுமாகவே கிடக்கும் ஊரில், பேருந்து நிலையத்தைச் சுற்றியும் குதிரைப் பந்தயத் திடலிலும் மட்டும் தரை பாய் விரித்தது போலக் கிடக்கிறது. காரணம் எளிது: அது ஏரியின் பழைய அடிமடி.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி 1825-ல் முடித்த ஏரி இது. ஓடைகளை மறித்து மண்கரை எழுப்பினார்கள். இன்றைய ஏரியைவிட அது எவ்வளவோ பெரியது. ஒரு காலத்தில் அக்கரைக்குப் போக ஓடம்கூட இருந்தது. பிறகு வண்டல் சேர்ந்தது, ஏரி சுருங்கியது, வெளிப்பட்ட தரையில் ஊர் ஏறி உட்கார்ந்தது.

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்திலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. மிடல்சே என்ற கடற்கழி வண்டலால் தூர்ந்து, அணை கட்டக் கட்ட வயலானது. துறைமுகமாக இருந்த லேவார்டன் இன்று உள்நாட்டு நகரம். அங்கே பழைய கரைகளை இன்னும் பேணி வைத்திருக்கிறார்கள். நாமோ ஏரி இருந்த இடத்தையே மறந்துவிட்டோம்!

மழைதான் மறக்கவில்லை. வலுத்துப் பெய்தால் கோடப்பமந்து கால்வாய் நிரம்பி, பேருந்து நிலையப் பக்கம் முழங்கால் தண்ணீர். பந்தயத் திடலை 2024-ல் அரசு மீட்டிருக்கிறது. அங்கே எது வந்தாலும் சரி, கொஞ்சம் நிலத்தைத் தண்ணீருக்கென்று விட்டுவையுங்கள்.